நாற்பது தப்படி

முதலில் காசைப் போட்டுப் பார்த்தோம்,
விளிம்பில் பூப்போல வளைவுகள் வைத்த ரெண்டு பைசா.
வலக்குழல் வாயில் வைத்ததும் சறுக்கி இறங்கி
அடியில் நீட்டியிருந்த என் உள்ளங்கையில் விழுந்தது.
இடக்குழல் உதட்டிலேயே நின்றுவிட்டது
தவணை கேட்க வந்தவன் நிலைப்படியில் நிற்பதுபோல்.

"ஒற்றைக்குண்டு வலத்துக்கு," என்றார் வயிரவன்.
"இடது கழுத்து நெரிந்தது. அதற்கு ஒன்பது குண்டுத் தோட்டா."
பினாங்கிலிருந்து அவர் கொண்டுவந்த துப்பாக்கி.
நான் அவருக்குக் கணக்கு எழுதுகிறவன்.
மான்களின் கணக்கு சேவுகனிடம்:
எந்தக் கண்மாய், எத்தனை குளம்பு, காற்று எந்தப் பக்கம்.

குறி பார்க்கக் காகிதம் வேண்டும்.
கண்டனூரில், அதுவும் அந்த வீட்டில், காகிதத்துக்கா பஞ்சம்?
பர்மாப் பேரேட்டில் ஒரு தாளைக் கிழித்து
கரையான் புற்றில் வைத்துக் கருவேல முள்ளால் குத்தினோம்.
நாற்பது தப்படி.
முதல் குண்டு நாலு விரல் இடம், ஒரு விரல் கீழே.
பியாப்பம் மாவுங் துவே, நெல் அடமானம்,
ரூபாய் நானூறு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை.
"கடன் தீர்ந்தது" என்று சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.

அடுத்தது இடக்குழல்.
ஒன்பதில் மூன்று தாளில் இருந்தன.
"மிச்சம் ஆறும்?"
"ஆறும் மான் வயித்துல" என்றான் சேவுகன்.
"உடனே சாகாது. ரெண்டு நாள் நடக்கும்.
அதும் பின்னால நாந்தான் நடக்கணும்."
அன்றோடு இடக்குழலை விட்டோம்,
துடைப்பதைக்கூட.

சீமைத் தோட்டா ஈரம் குடித்திருந்தது.
கிர்க்கித் தோட்டா தோளை உதைத்தது, குண்டு மேலேறியது.
முன்னால் ஒரு பித்தளை மணிதான் குறி,
பின்னால் ஒன்று வேண்டும் என்று
குழல்முதுகில் அரக்கு உருக்கி
ஒரு குன்றிமணியைப் பதித்தார் வயிரவன்.
நாலு விரல் ரெண்டு விரலானது.
ரெண்டை ஒன்றாக்க ஒரு கோடை போனது.
ஒவ்வொரு வெடிக்கும் ஒரு வரி எழுதினேன்:
குழல், தோட்டா, தூரம், விலகல்.
கடைசிப் பத்தி, மான்.

ஒரு மாலை தேனம்மை ஆச்சி புற்றடிக்கே வந்துவிட்டாள்.
தாளை முள்ளோடு பிடுங்கி
ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.
"இது என் முறைச்சிட்டை.
இந்த இடத்தில் வெள்ளிக் குடம் ஒண்ணு இருந்துச்சு."
யாரும் பேசவில்லை. புற்றிலிருந்து மண் உதிர்ந்தது.
"எத்தனை தோட்டா?"
முப்பத்தொன்று என்றேன்.
"எத்தனை மான்?"
பக்கத்தைப் புரட்டினேன், இன்னொரு பக்கத்தையும்.
"போன வாரம் ஏழு வந்து கடலையைத் தின்னுட்டுப் போச்சு" என்றாள்.
"நீங்க இங்க குறி பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

மழைக்கு முன் தயார் என்றார் வயிரவன்.
மழை வந்தது.
அறுப்புக்குப் பின் என்றார்.
அதற்குள் சட்டம் வந்தது, இனி மானைச் சுடக்கூடாது என்று.
பேப்பரை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.
இரண்டாம் முறை கொஞ்சம் நிம்மதியாகக் கேட்டார் என்று
எனக்குத் தோன்றியது, அதை எங்கும் எழுதவில்லை.

தேர்தலுக்கு முன் துப்பாக்கியை ஒப்படைக்கப் போனோம்.
ரைட்டர் சொல்லிச்சொல்லி எழுதினார்:
இரட்டைக்குழல் ஒன்று, குன்றிமணி ஒன்று.
மடக்கி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.
வலத்தில் வெளிச்சம் வட்டமாக வந்தது.
இடத்தில் இருட்டு.
மேசையில் தட்டினார், மறுபடி தட்டினார்,
உருண்டு விழுந்தது ரெண்டு பைசா.
பின்பக்கத்திலிருந்து யாரோ போட்டிருக்கிறார்கள்,
நெரிந்த இடத்தில் போய் நின்றிருக்கிறது.
சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும்.
பிடித்திருந்த கையும்.

வயிரவன் என்னைப் பார்த்தார்.
நான் சேவுகனைப் பார்த்தேன்.
அவன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
எங்கும் நடந்து போகாத அந்தக் கால்களை.

"காசை எதில் எழுத?" என்றார் ரைட்டர்.
வரவில் எழுதுங்கள் என்றேன்.